தங்க இடமில்லாத பெரியவங்களுக்கு ஒரு இடம் எடுக்கணும்னா என்னென்ன செய்யணும்: மலேசியா, பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் வட்டாரத்துக்கு ஒரு வழிகாட்டி

நம்ம டவுன்ல ராத்திரி ஒன்பது மணிக்கு மேல மார்க்கெட் பக்கம் போனா தெரியும், கடைங்க அடைச்சதும் கடை முன்னாடி அஞ்சடி நடைபாதையில அட்டைய விரிச்சு படுக்கிறவங்க யாருன்னு. பாதிப் பேரு நம்ம ஆளுங்கதான், முப்பது நாப்பது வருஷம் பால்மரம் வெட்டுனவங்க, செம்பனைக் குலை தள்ளுனவங்க. வேலை முடிஞ்சதும் தோட்டத்து வீட்டுச் சாவிய ஆபீஸ்ல கொடுத்துட்டு வெளிய வந்தவங்களுக்கு அடுத்த வீடு அமையவே இல்ல. இவங்கள்ல சில பேருக்கு இடம் தேடி நானும் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சிருக்கேன், எந்தக் கவுன்ட்டர்ல என்ன கேப்பாங்கன்னு முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா எவ்வளவோ அலைச்சல் மிச்சமாயிருக்கும். உங்களுக்கு அந்த அலைச்சல் வேணாம்னுதான் எழுதுறேன். கோலகங்சார் மாவட்டத்த வச்சு எழுதியிருக்கேன், ஆனா மத்த மாநிலத்துலயும் நடைமுறை கிட்டத்தட்ட இதுதான்.

முதல்ல ஒரு நம்பர் குறிச்சுக்குங்க, 15999, தாலியான் காசே, அரசாங்கத்தோட உதவி போன். இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பாங்க. ஆள் மயங்கிக் கெடந்தாலோ அடிபட்டிருந்தாலோ 999தான், மத்த எல்லாத்துக்கும் 15999. போன் பண்ணினா புகார் நம்பர் ஒண்ணு கொடுப்பாங்க, அத எழுதி வாங்காம போன வைக்காதீங்க, அப்புறம் மாவட்ட ஆபீஸ்ல போய் நிக்கும்போது அந்த நம்பர்தான் பேசும்.

1. முதல்ல அவர்கிட்ட உக்காந்து பேசுங்க

நாலு விஷயம் தெரியணும். வயசு அறுபது ஆச்சா, அடையாள அட்டை நீல ஐசியா (குடிமகன்) சிவப்பு ஐசியா (நிரந்தரவாசி) இல்ல ஒண்ணுமே இல்லையா, பிள்ளைங்க கூடப்பொறந்தவங்க யாராவது இருக்காங்களா, தானா எழுந்து குளிச்சு சாப்பிட முடியுமா. இந்த நாலுக்கும் பதில வச்சுத்தான் எந்தக் கதவு திறக்கும்னு முடிவாகும். அறுபது ஆகாதவருக்கு முதியோர் இல்லத்துக்குப் பாரம் (விண்ணப்பம்) போட்டா திருப்பி அனுப்பிடுவாங்க, படுத்த படுக்கையா இருக்கிறவருக்கு சாதாரண இல்லம் கிடைக்காது, இப்படி தப்பான கதவத் தட்டியே மாசக்கணக்கா போயிடும்.

ஐந்தாவதா ஒண்ணு இருக்கு, அத கடைசியில கேக்காதீங்க, முதல்லயே கேளுங்க. "ஐயா, உங்களுக்கு எங்க இருக்க விருப்பம்?" சில பேரு இல்லத்துக்குப் போக மாட்டேன்னு உறுதியா சொல்லுவாங்க, டவுன்லயே ஒரு ரூம் கிடைச்சா போதும்பாங்க. அது அவங்க உரிமை. பாவம் பாத்து நாம எல்லா ஏற்பாடும் முடிச்சு கார் கொண்டு வந்து நிறுத்தின அன்னைக்கு பெரியவரு ஏற மாட்டேன்னு சொன்னா, பட்ட பாடெல்லாம் வீண், அந்த ஆபீசரும் அடுத்த தடவ நம்மள நம்ப மாட்டாரு.

ஒரே நாள்ல எல்லாத்தையும் கேட்டுறலாம்னு நினைக்காதீங்க. ஒரு தே தாரே, ரெண்டு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்து பக்கத்துல உக்காந்தா மெதுவா வரும். போன உடனே நோட்டுப் புத்தகத்த எடுத்தீங்கன்னா போலீசுன்னு நினைச்சு எழுந்து போயிருவாங்க.

2. ஐசி இல்லாம ஒரு கதவும் திறக்காது

எல்லாத்துக்கும் வேர் இதுதான். ரோட்டுல படுக்கிறவங்களுக்கு முதல்ல திருடு போறது பை, அதோட ஐசியும் போயிரும். ஐசி இல்லன்னா பேங்க் இல்ல, உதவித்தொகை இல்ல, இல்லமும் இல்ல. அதனால கெபாஜிக்கான் (சமூகநல) ஆபீசுக்கு ஓடுறதுக்கு முன்னாடி ஐசி கொடுக்கிற பதிவிலாகாவுக்குப் போங்க.

செலவு இப்படி. முதல் தடவ தொலைச்சா 110 வெள்ளி (ரிங்கிட்), அதாவது நூறு வெள்ளி அபராதம், பத்து வெள்ளி கார்டு காசு. ரெண்டாவது தடவன்னா 210, மூணாவதுக்கு 310. கார்டு கையில இருக்கு ஆனா உடைஞ்சு போச்சு, சிப் வேலை செய்யலன்னா பத்து வெள்ளிதான். திருட்டு, வழிப்பறி, வெள்ளம், தீ, இதுல போயிருந்தா போலீஸ் ரிப்போர்ட் எடுத்துட்டுப் போனா அபராதம் கிடையாது. இத நிறைய பேரு கவனிக்கிறதில்ல. ரோட்டுல படுக்கிறவருக்கு பை திருடு போச்சுன்னா அது திருட்டுதானே, அவரு "தொலைஞ்சிருச்சு"ன்னு சொல்றத அப்படியே கவுன்ட்டர்ல சொன்னா 110 கட்டணும். எப்படிப் போச்சுன்னு அவர்கிட்ட விசாரிங்க, திருட்டுன்னா போலீஸ் ஸ்டேஷன் போய் உள்ளது உள்ளபடி ரிப்போர்ட் கொடுங்க, ரிப்போர்ட்டுக்கு காசு இல்ல. இல்லாதத சொல்லி ரிப்போர்ட் போடாதீங்க, பொய் ரிப்போர்ட் பெரிய வழக்காயிரும்.

நம்பர் ஞாபகம் இல்லன்னாலும் பயப்பட வேணாம், கைரேகைய வச்சுத் தேடுவாங்க. இங்கதான் நம்ம தோட்டத்து ஆளுங்களுக்கு ஒரு சிக்கல். ரொம்ப வருஷம் பால்கத்தி பிடிச்ச விரல்ல ரேகை தேஞ்சு வழவழன்னு ஆயிருக்கும், உரமும் மருந்தும் அள்ளின கைன்னா தோல் வெடிச்சு காஞ்சு கெடக்கும், கட்டைவிரல எத்தனை தடவ வச்சாலும் மெஷின் சிவப்பு விளக்குதான் காட்டும். பின்னாடி வரிசையில நிக்கிறவங்க முறைப்பாங்க, பெரியவரு கூனிக் குறுகிப் போயிருவாரு. அதுக்கு முதல் நாள் ராத்திரியும் அன்னைக்குக் காலையிலயும் விரல் நுனியில தேங்காய் எண்ணெய் தேச்சு ஊற விடுங்க, கவுன்ட்டருக்குப் போறதுக்கு முன்னாடி வெதுவெதுப்பான தண்ணியில சோப்புப் போட்டு கழுவி நல்லா தொடச்சு விடுங்க. அப்படியும் வரலன்னா மத்த விரல்லயும் பாக்கச் சொல்லி பணிவா கேளுங்க. பெரும்பாலும் ஏதாவது ஒரு விரல் கைகொடுக்கும்.

கூட எடுத்துட்டுப் போக வேண்டியது, அவர்கிட்ட இருக்கிற எல்லாக் காகிதமும். பழைய பிறப்புப் பத்திரம், தோட்டத் தொழிலாளர் சங்கக் கார்டு, பழைய சம்பளச் சீட்டு, கிளினிக் கார்டு, இபிஎஃப் (சேமநிதி) கடிதம். இதெல்லாம் எதுக்குன்னு தோணும், ஆனா பேருல ஒரு எழுத்து வித்தியாசம் வந்துட்டா இதுதான் காப்பாத்தும். நம்ம ஆளுங்க பேர அந்தக் காலத்துல தோட்டத்து ஆபீஸ் கிராணி (கிளார்க்) தன் காதுல விழுந்தபடி எழுதினாரு, ஒரே ஆளுக்கு மூணு விதமா பேரு இருக்கும். முகவரியும் பாருங்க, இன்னும் தோட்டத்து முகவரியே இருக்கும், அந்த லயத்து வீட்டு வரிசையே இடிச்சு வீடமைப்பு வந்திருக்கும். கடிதம் வர்றதுக்கு ஒரு நிஜமான முகவரி வேணும், கோயில் கமிட்டியோ சொந்தக்காரரோ ஒத்துக்கிட்டா அந்த முகவரிய கொடுக்கலாம், அவங்ககிட்ட சம்மதம் வாங்காம கொடுக்காதீங்க.

வேலைநாள்ல லீவு கிடைக்கலன்னா பல அரசாங்க கவுன்ட்டரும் ஒரே இடத்துல இருக்கிற ஈப்போ யூடிசியில உள்ள பதிவிலாகா கவுன்ட்டர் வசதி. வெள்ளிக்கிழமை மத்தியானம் எந்த அரசாங்க ஆபீசுக்கும் போகாதீங்க, தொழுகை நேரம்னு நீண்ட இடைவேளை இருக்கும், வயசானவரோட ரெண்டு மணி நேரத்துக்கு மேல காத்துக் கெடக்கணும்.

சிவப்பு ஐசிக்காரங்களுக்கும் பத்திரமே இல்லாதவங்களுக்கும் பாதை வேற. பெரும்பாலான மாசாந்திர உதவியும் அரசாங்க முதியோர் இல்லமும் குடிமக்களுக்குத்தான். குடியுரிமை மனு வருஷக்கணக்கா இழுக்கும், அதுக்கு இடைத்தரகர் யாராவது ஆயிரம் ரெண்டாயிரம் கேட்டா கொடுத்துறாதீங்க. நாடற்றவங்க கேஸ்ல நம்ம சமூகத்துக்காக பல வருஷமா வேலை செய்யிற டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா மாதிரி அமைப்புகிட்ட போங்க. அந்த மனு ஓடுற வரைக்கும் தங்க இடத்துக்கு கோயில், தேவாலயம், தனியார் தொண்டு இல்லம்னுதான் பாக்க வேண்டியிருக்கு. இது ரொம்ப அநியாயம்னு நான் நினைக்கிறேன், இங்கயே பொறந்து இங்கயே உழைச்சு தேஞ்சவங்க இவங்க.

3. உடம்பக் காட்டுங்க, கடிதம் வாங்குங்க

அரசாங்க கிளினிக்ல குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் பதிவுக் காசு. ரெண்டு காரணத்துக்காக போகணும். ஒண்ணு நிஜமாவே உடம்பு சரியில்லாம இருக்கும், சக்கரை, இரத்த அழுத்தம், கால்ல ஆறாத புண்ணு. இன்னொண்ணு, இல்லத்துக்கு மனு போடும்போது மருத்துவ அறிக்கை வேணும், தொத்து வியாதி இல்லன்னு டாக்டர் எழுதணும். காசநோய்க்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னா தள்ளிப் போடாதீங்க. நோய் இருந்தா மருந்து இலவசமா கிடைக்கும், சரியான பிறகு மனு போடலாம்.

ஆஸ்பத்திரியில வார்டுல படுத்திருக்கும்போதே டிஸ்சார்ஜ் பண்ணப் போறாங்க, போக வீடில்லன்னா, அங்க மருத்துவ சமூகப் பணி ஆபீசர் இருப்பாங்க, ஜாபாத்தான் கெர்ஜா சோசியல் பெருபாத்தான்னு கேளுங்க. பில்லு கட்ட முடியலன்னா குறைக்கிறது, இல்லத்துக்கு பரிந்துரைக்கிறது எல்லாம் அவங்க வேலை. சிஸ்டர்கிட்ட சொல்லி வார்டுக்கு வரச்சொல்லலாம். டிஸ்சார்ஜ் ஆயி வெளிய வந்த பிறகு இதே வேலைய நாம செஞ்சா ரொம்ப நாள் ஆகும், அதனால கட்டில்ல இருக்கும்போதே பேசுங்க.

மனநலப் பிரச்சினை மாதிரி தெரிஞ்சா திட்டாதீங்க, பேய் ஓட்டவும் கூட்டிட்டுப் போகாதீங்க. கிளினிக்ல இருந்தே மனநல டாக்டருக்கு எழுதிக் கொடுப்பாங்க. அவருக்கோ மத்தவங்களுக்கோ ஆபத்துங்கிற நிலைமைன்னா 2001ஆம் வருஷத்து மனநலச் சட்டப்படி போலீசும் சமூகநல ஆபீசரும் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகலாம். பேசுறதுக்கு ஆள் வேணும்னா தாலியான் ஹீல் 15555 இருக்கு.

4. கெபாஜிக்கான் ஆபீஸ்: பாரமும் பேங்க் புத்தகமும்

சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்துல சேருது, அதனால நமக்கு மாவட்ட சமூகநல ஆபீஸ் கோலகங்சார்ல. ஈப்போ கிட்டத்துலதான் இருக்குன்னு அங்க போனீங்கன்னா திருப்பி அனுப்புவாங்க.

அறுபது வயசுக்கு மேல வருமானம் இல்லாதவருக்கு முதியோர் உதவித்தொகை, பந்துவான் வார்கா ஈமாஸ். முன்ன மாசம் 500 வெள்ளியா இருந்துச்சு, 2025ல இருந்து 600. உடல் ஊனம் உள்ளவங்க முதல்ல ஓகேயு கார்டு எடுக்கணும், அரசாங்க டாக்டர் பாரத்துல உறுதி பண்ணணும், கார்டுக்கு காசு இல்ல. உதவி மனு பாரத்துக்கு பேரு ஜேகேஎம் 18. ஆன்லைன்லயும் போடலாம், ஈ-பந்துவான்னு இருக்கு, ஆனா வீடில்லாதவங்க கேஸ்ல நேரா போறதுதான் நல்லது, ஏன்னா முகவரிக் கட்டத்துல என்ன எழுதுறதுன்னே கேள்வி வரும், ஆபீசர் முன்னாடி உக்காந்து நிலைமைய சொன்னாத்தான் அது நகரும்.

எடுத்துட்டுப் போறது: ஐசி ஒரிஜினலும் ரெண்டு மூணு ஜெராக்ஸும், பேங்க் புத்தக ஜெராக்ஸ், மருத்துவக் கடிதம், இந்தியர் கிராமத் தலைவரோ பெங்ஹுலுவோ கையெழுத்துப் போட்ட உறுதிக் கடிதம். கணவனோ மனைவியோ இறந்திருந்தா மரணப் பத்திரம், பிரிஞ்சிருந்தா அதுக்கான காகிதம். சட்டமன்ற உறுப்பினர் சேவை மையத்துல ஒரு ஆதரவுக் கடிதம் வாங்கி வச்சா தப்பில்ல, ஆனா அது இருந்தாத்தான் ஆகும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அது கட்டாயம் இல்ல. பேங்க் கணக்கு இல்லன்னா பிஎஸ்என்ல திறக்கலாம், புது ஐசி கையில வந்த அன்னைக்கே நேரா போய் திறந்துட்டா ஒரு நாள் மிச்சம்.

பாரம் போட்டதும் ஆபீசர் விசாரணைக்கு வருவாங்க. அவரு எங்க படுக்கிறாரோ அங்கதான் வந்து பாப்பாங்க. பகல்ல அவரு அங்க இருக்க மாட்டாரு, பழைய இரும்பு பொறுக்கப் போயிருப்பாரு, ஆபீசர் வந்து பாத்துட்டு "ஆள் இல்ல"ன்னு எழுதிட்டுப் போனா ஃபைல் தூங்கிரும். அதனால உங்க போன் நம்பர தொடர்புக்குக் கொடுங்க, வர்ற நேரத்த கேட்டு வச்சுக்கிட்டு பெரியவர பக்கத்து சாப்பாட்டுக் கடையில உக்கார வையுங்க. அங்க பக்கத்துக் கடைக்காரரும் ரெண்டு வார்த்தை சொன்னா பெரிய பலம். பதில் ஒரு மாசத்துலயும் வரும், மூணு மாசமும் ஆகும், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ போன் பண்ணி ஃபைல் நம்பர சொல்லிக் கேளுங்க. சத்தம் போடாதீங்க, அந்த ஆபீசருக்கு மாவட்டம் பூரா கேஸ் இருக்கு, மரியாதையா விடாம கேக்கிறவங்க ஃபைல்தான் மேல வரும்.

அதே சமயத்துல பழைய காசு ஏதாவது கெடக்கான்னும் பாருங்க. இபிஎஃப் கவுன்ட்டர்ல கைரேகை வச்சுக் கேட்டா சில பேருக்கு மறந்து போன பாக்கி இருக்கும். வேலை செய்யும்போது அடிபட்டவங்கன்னா தொழிலாளர் காப்புறுதி பாக்கிற சொக்சோவுல கேளுங்க. மாவட்ட நில ஆபீஸ் பக்கம் போகும்போது ஏழைங்க பேர பதியிற ஈ-காசே பட்டியல்ல பேரு சேக்கச் சொல்லி மனு கொடுங்க, எஸ்டிஆர் ரொக்க உதவிக்கும் தனியா மனு போடுங்க.

இங்க ஒரு பெரிய பொறி இருக்கு. சாமான் வாங்க அரசாங்கம் கொடுக்கிற சாரா உதவி ஐசியிலயே வருது, கடையில ஐசிய வச்சு அரிசி, எண்ணெய், மாவுன்னு வாங்கிக்கலாம். "ஐயா, உங்க ஐசிய என்கிட்ட கொடுங்க, நான் பத்திரமா வச்சுக்கிறேன்"னு சொல்ற ஆள் உடனே வந்துருவாரு. பேங்க் கார்டும் அப்படித்தான், அம்பது வெள்ளி கடன் கொடுத்துட்டு கார்ட எடுத்து வச்சுக்கிறவங்க நம்ம டவுன்லயே இருக்காங்க, மாசம் பொறந்தா இவருக்கு முன்னாடி அவங்க மெஷின்ல நிப்பாங்க. ஐசியும் கார்டும் பெரியவர் கழுத்துலயோ இடுப்புலயோ இருக்கணும், பிளாஸ்டிக் உறை போட்டு கயித்துல மாட்டிக் கொடுங்க. ரகசிய நம்பர உங்ககிட்ட சொல்ல வந்தாலும் கேக்காதீங்க.

5. எந்த இடம் யாருக்கு

*டவுன்ல ஒரு ரூம்.* தானா நடமாடுறவருக்கு இதுதான் நல்லதுன்னு என் கருத்து. கடை மேல் மாடியில ரூம் 200, 250 வெள்ளிக்கு கிடைக்குது, உதவித்தொகை 600 வந்தா வாடகை போக சாப்பாட்டுக்கு நிக்கும். முட்டுக்கட்டை முன்பணம்தான், ரெண்டு மாச டெபாசிட், ஒரு மாச வாடகை, கரண்ட் தண்ணிக்கு கொஞ்சம்னு மொத்தமா எழுநூறு எண்ணூறு கேப்பாங்க. கோயில் கமிட்டி, இளைஞர் மன்றம், பழைய தோட்டத்து ஆளுங்க வாட்ஸாப் குரூப், இவங்ககிட்ட கேட்டா இந்த ஒரு தடவக் காசு சேரும், மாசாமாசம் கேட்டாத்தான் சேராது. ரசீது வாங்கி எல்லாருக்கும் காட்டுங்க. ரூம் கொடுத்துட்டு அப்படியே விட்டுறக் கூடாது, வாரத்துக்கு ஒரு தடவ யாராவது எட்டிப் பாக்கணும், மருந்து தீந்துச்சா, கிளினிக் தேதி என்னைக்கு, வாடகை கட்டினாரா. இந்த எட்டிப் பாக்கிறது நின்னா ரூமும் நிக்காது. அரசாங்க பிபிஆர் வீடு வாடகை 124 வெள்ளிதான், ஆனா குடும்பமா இருக்கிறவங்களுக்குத்தான் முன்னுரிமை, வரிசையும் நீளம், தனி ஆள நம்பி உக்கார வைக்க முடியாது.

*ரூமா ஸ்ரீ கெனாங்ஙான்.* சமூகநல இலாகாவோட முதியோர் இல்லம், ஆதரவில்லாதவங்களுக்கு காசு கிடையாது. அறுபது வயசு, குடிமகன், வீடில்ல, பாத்துக்க வாரிசு இல்ல, தொத்து நோய் இல்ல, தன்னைத் தானே கவனிச்சுக்க முடியணும். பேராக்ல தஞ்சோங் ரம்புத்தான்லயும் தைப்பிங்லயும் இருக்கு, கெடாவுல பீடோங்ல இருக்கு. மனு மாவட்ட கெபாஜிக்கான் ஆபீஸ் வழியாத்தான் போகும், இல்லத்து வாசல்ல நேரா கொண்டு போய் இறக்கி விட முடியாது.

தஞ்சோங் ரம்புத்தான்னு சொன்னதும் பெரியவங்க அழுதுருவாங்க, "எனக்கென்ன பைத்தியமா"ம்பாங்க, ஏன்னா அந்த ஊர் பேரச் சொன்னாலே நம்ம ஆளுங்களுக்கு மனநல ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். அது ஹாஸ்பிட்டல் பஹாகியா, இது முதியோர் இல்லம், ரெண்டும் வேற வேற இடம். வாயால சொன்னா நம்ப மாட்டாங்க. அனுமதி கேட்டு ஒரு நாள் கூட்டிட்டுப் போய் சுத்திக் காட்டுங்க, அங்க இருக்கிற நம்ம ஆளுங்க நாலு பேரோட தமிழ்ல பேச விடுங்க, கட்டில், சாப்பாட்டு மேசை, சாமி படம் வச்சிருக்கிற மூலை எல்லாம் கண்ணால பாத்தா பாதி பயம் போயிரும். இல்லத்துல சேந்தா மாசம் 600 வெள்ளி உதவி நின்னுரும், அதையும் முன்னாடியே சொல்லிருங்க, பின்னாடி தெரிஞ்சா "என் காச எடுத்துக்கிட்டாங்க"ன்னு மனசு உடைஞ்சு போவாங்க.

*ரூமா எஹ்சான்.* படுத்த படுக்கையா, நாள்பட்ட நோயோட இருக்கிற ஆதரவில்லாதவங்களுக்கு. கோல குபு பாருவுலயும் டுங்குன்லயும் இருக்கு. இடம் குறைவு, ஆஸ்பத்திரி சமூகப் பணி ஆபீசர் வழியா போனாத்தான் நகரும்.

*டேசா பீனா டீரி.* ஆதரவில்லாம அலையிறவங்களுக்கு சமூகநல இலாகா நடத்துற மறுவாழ்வு இல்லம், மெர்சிங், ஜெராண்டுட் மாதிரி இடங்கள்ல இருக்கு. அறுபது ஆகாதவங்க, பிச்சை எடுக்கிறாங்க, அலையிறாங்கன்னு பிடிபட்டா 1977ஆம் வருஷத்து ஓராங் பாப்பா (ஆதரவற்றோர்) சட்டப்படி இருபத்து நாலு மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும், விசாரணை அறிக்கைக்காக ஒரு மாசம் வரைக்கும் தற்காலிகமா வைக்கலாம், அதுக்கப்புறம் மூணு வருஷம் வரைக்கும் இல்லத்துல இருக்கச் சொல்லி உத்தரவு போடலாம். உள்ள போனா அனுமதி இல்லாம வெளிய வர்றது குத்தம். அதனால "இவர யாராவது தூக்கிட்டுப் போங்க"ன்னு யோசிக்காம போன் போடாதீங்க, கடையோரத்துல படுத்திருக்காருங்கிறதுக்காக ஒரு மனுஷன் சுதந்திரம் போயிரக் கூடாது. சொந்த விருப்பத்துலயும் சேரலாம், வேலை கத்துக் கொடுப்பாங்க, குடியில இருந்து மீள நினைக்கிற சில பேருக்கு அது உதவும். அப்படிப் பிடிபட்டவர் உங்களுக்குத் தெரிஞ்சவருன்னா உடனே ஆபீசர பாத்து, பொறுப்பெடுக்க சொந்தக்காரரோ வேலையோ இருக்குன்னு காட்டுங்க.

*தனியார் இல்லம்.* மாசாமாசம் பெரிய தொகை கேப்பாங்க, தொண்டு இல்லங்கள்ல இலவசமாவும் எடுப்பாங்க. 1993ஆம் வருஷத்து பராமரிப்பு மையச் சட்டப்படி பதிவு பண்ணியிருக்கணும், சுவத்துல சர்ட்டிஃபிகேட் மாட்டியிருக்கும், தேதி முடிஞ்சிருச்சான்னு கிட்டப் போய் படிங்க. சாப்பாட்டு நேரத்துல, சொல்லாம போங்க. மூத்திர வாடை எப்படி, கட்டில் இடைவெளி எவ்வளவு, பெரியவங்க ஐசியும் பேங்க் கார்டும் யார் கையில இருக்கு, இந்த மூணையும் பாத்தா போதும்.

*கேஎல் போனவங்க.* வேலை தேடி கோலாலம்பூர் போய் புடு பக்கம், மஸ்ஜித் இந்தியா பக்கம் தங்கிட்ட நம்ம பையன்களும் இருக்காங்க. ஜாலான் ஹாங் லெக்கியுவுல 2011ல ஆரம்பிச்ச அஞ்ஜோங் சிங்கா இருக்கு, தற்காலிகமா படுக்க, குளிக்க, சாப்பிட, வேலை தேட உதவி. டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகராட்சி) நடத்துற தங்குமிடம் ஜாலான் பஹாங்ல இருக்கு. கெச்சாரா சூப் கிச்சன் சாப்பாடும் கொடுக்குறாங்க. இதெல்லாம் கொஞ்ச நாள் ஏற்பாடுதான், நிரந்தர வீடில்ல. அதே ஆள் ஊருக்குத் திரும்பி வர நினைச்சா பஸ் காசு அனுப்புறதுக்கு முன்னாடி இங்க ஒரு கட்டில் ஏற்பாடு பண்ணிட்டு கூப்பிடுங்க.

6. பிள்ளைங்க இருக்காங்கன்னா மறைக்காதீங்க

பாரத்துல "வாரிசு இல்ல"ன்னு எழுதிட்டா வேலை சுலபம்னு சொல்லிக் கொடுக்கிறவங்க இருக்காங்க. பதிவிலாகாவுல பாத்தா பிள்ளைங்க பேரு வந்துரும், மனு அங்கயே நின்னுரும், பெரியவருக்கும் பொய்யர்னு பேரு. உள்ளத உள்ளபடி எழுதுங்க: மகன் இருக்காரு, பத்து வருஷமா தொடர்பில்ல, போன் நம்பர் இது, கடைசியா இருந்த இடம் இது. ஆபீசர் தொடர்பு கொள்வாங்க, பிள்ளை பாத்துக்க முடியாதுன்னு சொன்னா அதையும் ஃபைல்ல சேப்பாங்க. சத்தியப் பிரமாணம் கேட்டா அதுக்குன்னு இருக்கிற சத்தியப் பிரமாண ஆணையர், பெசுருஜாயா சும்பாகிட்ட போய் எழுதி வாங்கலாம்.

ஒண்ணு சொல்லணும், பிள்ளைய திட்டி முடிச்சுடாதீங்க. சிங்கப்பூர்ல கூலி வேலை செஞ்சு ஒரே ரூம்ல ஆறு பேரோட தங்கியிருக்கிற மகனும் இருக்கான், அப்பன் குடிச்சு அடிச்ச அடியில வீட்ட விட்டு ஓடின மகளும் இருக்கா. அவங்கள மிரட்டி வீட்டுல கொண்டு போய் விட்டா மறுபடியும் ரோட்டுக்குத்தான் வருவாரு. மாசம் அம்பது வெள்ளி, தீபாவளிக்கு ஒரு தடவ வந்து பாக்கிறதுன்னு பேசி முடிச்சாலே பெரிய விஷயம்.

7. காத்திருக்கிற நாள்ல

ஐசிக்கும் இல்லத்துக்கும் நடுவுல ரெண்டு மூணு மாசம் போகும், அந்த மாசங்கள்லதான் பாதிப் பேரு காணாம போயிருவாங்க. மழை வந்தா இடம் மாறுவாங்க, யாராவது விரட்டினா பக்கத்து ஊருக்கு நடந்துருவாங்க. கோயில் மண்டபத்துல ராத்திரி படுக்க தலைவர்கிட்ட கேளுங்க, ஒத்துக்க மாட்டேன்னா பின்னாடி ஸ்டோர் ரூமாவது, காலையில கூட்டிப் பெருக்கிக் கொடுப்பாருன்னு சொல்லிப் பாருங்க. தினம் ஒரே கடையில சாப்பாடு ஏற்பாடு பண்ணி கணக்க நீங்க கட்டுங்க, காசா கையில கொடுக்காதீங்க. குடிப்பாருன்னு சொல்ல வரல, கையில காசு இருந்தா ராத்திரி அடிச்சுப் பிடுங்குறவங்க இருக்காங்க. ஒரே கடைன்னா ஆள் வரலன்னதும் கடைக்காரர் உங்களுக்கு போன் பண்ணுவாரு.

எல்லாக் காகிதத்தையும் உங்க போன்ல போட்டோ எடுத்து வச்சுக்குங்க, ஒரு செட் ஜெராக்ஸ் உங்க வீட்டுல இருக்கட்டும். பை மறுபடியும் திருடு போகும், அது நடக்கும்னே வச்சுக்கிட்டு வேலை செய்யுங்க.

8. சேத்த பிறகு

சேக்கிற அன்னைக்கு ரெண்டு செட் துணி, செருப்பு, மூக்குக் கண்ணாடி, மருந்து, கிளினிக் கார்டு, ஒரு சின்ன சாமி படம். தங்கம், காசு வேணாம். அவசரத் தொடர்புக்கு உங்க பேரையும் போனையும் கொடுங்க, இன்னொரு ஆள் பேரும் சேத்துக் கொடுங்க. முதல் மாசம்தான் ரொம்பக் கஷ்டம், சாப்பாடு வேற, பேச்சு வேற, விளக்கு அணைக்கிற நேரம் வேற, ஓடி வந்துரலாமான்னு இருக்கும். அந்த மாசத்துல வாரா வாரம் போங்க, பார்வை நேரத்த போன்ல கேட்டுட்டு போங்க, போகும்போது வெத்தலை பாக்கு வேணாம்பாங்க, பழமும் தமிழ்ப் பேப்பரும் வாங்கிட்டுப் போங்க.

இன்னொரு விஷயத்தையும் அவரு தெளிவா இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்க, செத்தா எரிக்கணுமா புதைக்கணுமா, யாருக்குச் சொல்லணும், காரியம் யார் செய்யணும். கேக்க சங்கடமா இருக்கும், ஆனா அவங்க சங்கடப்பட மாட்டாங்க, யாரோ ஒருத்தர் கேட்டாங்களேன்னு நிம்மதியா பதில் சொல்லுவாங்க. அந்தக் காகிதத்துல ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்து வாங்கி ஒரு காப்பி இல்லத்து ஆபீஸ்ல கொடுங்க, ஒரு காப்பி கோயில் கமிட்டிகிட்ட இருக்கட்டும்.